பால் குளிரவில்லை என்றால்: எதிரோட்டக் குளிர்விப்பானின் பழுதை அறிகுறி பார்த்துக் கண்டறிதல்

மட்டக்களப்பின் படுவான்கரைப் பட்டிகளில் விடியுமுன் கறக்கப்படும் பால், கேன்களில் மோட்டார் சைக்கிளேறிச் சேகரிப்பு நிலையத்தின் வாசலுக்கு வந்து சேரும்போது, அதன் வெப்பநிலை பெரும்பாலும் 34 பாகை செல்சியஸை ஒட்டியே இருக்கும். அந்தச் சூட்டில் நுண்ணுயிர்கள் அரை மணிக்கொரு தடவைகூட இரட்டிக்கக்கூடும். ஆகவே பாலை 4 பாகைக்கு இறக்குவதில் ஏற்படும் ஒவ்வொரு தாமதமும், யாரோ ஒரு பண்ணையாளரின் அன்றைய உழைப்பைத் திரைய விடுவதாகிவிடும்.

இந்த வேலையைச் செய்வது பிளேட் கூலர் எனப்படும் தட்டுக் குளிர்விப்பான். மெல்லிய உருக்குத் தட்டுகளை ஒன்றோடொன்று அடுக்கி, ஓர் இடைவெளியில் பாலையும் அடுத்த இடைவெளியில் ஐஸ் தண்ணீரையும் எதிரெதிர்த் திசைகளில் ஓட விடுகிறோம். பால் தொழிலுக்காகவே ரிச்சர்ட் செலிக்மன் 1923இல் உருவாக்கிய இந்த அமைப்பு நூறாண்டு கடந்தும் பெரிதாக மாறவில்லை. அதில் அசையும் பாகம் எதுவும் இல்லை என்பதால், பழுது வந்தால் சத்தமோ புகையோ வராது. பால் சூடாக வெளியே வரும், அவ்வளவுதான். காரணத்தை அறிகுறிகளிலிருந்துதான் பிடிக்கவேண்டும்.

எதையும் கழற்றுமுன்: நான்கு வெப்பநிலைகள்

பால் உள்ளே வருமிடம், பால் வெளியேறுமிடம், தண்ணீர் உள்ளே வருமிடம், தண்ணீர் வெளியேறுமிடம் ஆகிய நான்கிலும், பால் நிதானமாக ஓடத் தொடங்கிச் சில நிமிடங்கள் கழிந்த பின், ஒரே நேரத்தில் வெப்பநிலையை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். பல நிலையங்களில் வெளியேறும் தண்ணீரின் சூட்டை மட்டும் யாரும் அளப்பதில்லை. ஆனால் என் அனுபவத்தில் அந்த நான்காவது எண்தான் பாதிப் பழுதுகளைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

வெப்பமானியையும் முதலில் சோதிக்கவேண்டும். ஒரு குவளையில் நன்றாக நொறுக்கிய ஐஸை நிரப்பி, இடைவெளி மூடுமளவு சுத்தமான தண்ணீர் விட்டுக் கலக்கி, அதில் வெப்பமானியை வைத்தால் 0 காட்டவேண்டும். 2 காட்டுகிற வெப்பமானியை நம்பிக் குளிர்விப்பானைக் கழற்றுவது வீண் வேலை.

அறிகுறி: பால் ஓரளவு குளிர்கிறது, அதற்குக் கீழே இறங்க மறுக்கிறது, வெளியேறும் தண்ணீரும் ஏறத்தாழ அதே சூட்டில் இருக்கிறது

பாலும் தண்ணீரும் ஒரே திசையில் ஓடுகின்றனவா என்பதை இங்கே முதலில் பார்க்கவேண்டும். குழாய்கள் மாறிப் பூட்டப்பட்டால் இதுதான் நடக்கும்.

படுவான்கரைப் பக்கத்து நிலையமொன்றிற்கு என்னை அழைத்தபோது, மணிக்கு ஏறத்தாழ 500 லீற்றர் பாலும் அதன் இருமடங்கு ஐஸ் தண்ணீரும் அங்கே ஓடிக்கொண்டிருந்தன. பால் 34 பாகையில் உள்ளே போய் 13 பாகையில் வெளியே வந்தது. தண்ணீர் 2 பாகையில் உள்ளே போய் 12.5 பாகையில் வந்தது. குளிர் போதவில்லை என்று கருதிப் பெரிய பம்பி ஒன்றைப் பூட்டி, தண்ணீரைப் பாலின் மும்மடங்காக்கியிருந்தார்கள். அப்போதும் பால் 10 பாகைக்குக் கீழே வரவில்லை. நான் பழைய பம்பியையே திரும்பப் பூட்டி, தண்ணீரின் உள்வழிக் குழாயையும் வெளிவழிக் குழாயையும் மாற்றிப் போட்டேன். வேறொன்றும் செய்யவில்லை. பால் 6 பாகையில் வெளியே வந்தது. வெளியேறும் தண்ணீரின் சூடு 16 ஆக உயர்ந்தது.

அந்த எண்களை நிறுத்திப் பார்க்கவேண்டும். ஒரே திசையில் ஓடும்போது, வாசலிலே 34 பாகைப் பாலும் 2 பாகைத் தண்ணீரும் சந்திக்கின்றன. வித்தியாசம் பெரிதாக இருப்பதால் வெப்பம் வேகமாகக் கைமாறுகிறது. ஆனால் இரண்டும் கூடவே பயணிப்பதால் போகப்போகப் பால் இறங்கி, தண்ணீர் ஏறி, இரண்டும் ஒரே சூட்டை நெருங்கிவிடுகின்றன. அதன் பிறகு எத்தனை தட்டு சேர்த்தாலும் பரிமாற்றம் இல்லை. இரண்டும் சம அளவில் ஓடினால் நடுப்புள்ளியான 18 பாகைதான் எல்லை. தண்ணீரை மும்மடங்காக்கினாலும் 10 பாகைதான் எல்லை. எதிர்த்திசையிலோ, வெளியேறப் போகும் பால் கடைசியாகத் தொடுவது அப்போதுதான் உள்ளே நுழையும் 2 பாகைத் தண்ணீரை. ஓரளவு குளிர்ந்த பாலுக்கு அதைவிடக் குளிர்ந்த தண்ணீர் எப்போதும் காத்திருக்கிறது. வெளியேறப் போகும் தண்ணீருக்கும் அதைவிடச் சூடான பால் எதிரே வருகிறது. நீளம் முழுவதும் வித்தியாசம் நீடிப்பதால் நீளம் முழுவதும் வேலை நடக்கிறது.

வெளியேறும் பால், வெளியேறும் தண்ணீரைவிடக் குளிர்ந்திருந்தால் அது எதிரோட்டம்தான் என்று உறுதியாகச் சொல்லலாம், ஏனெனில் ஒரே திசை ஓட்டத்தால் அந்த நிலைக்கு வரவே முடியாது. ஆனால் அப்படி இல்லாததனால் மட்டும் குழாய் மாறிவிட்டது என்று முடிவு செய்யக்கூடாது. தட்டுகளில் அழுக்குப் படிந்த எதிரோட்டக் குளிர்விப்பானிலும் பால் தண்ணீரைவிடச் சூடாகவே வெளியே வரலாம். ஆகவே எண்களைப் பார்த்துச் சந்தேகித்து, குழாயைப் பார்த்து உறுதி செய்யவேண்டும். நான்கு வாய்களும் முன்தகட்டிலேயே உள்ள எளிய வகையில், பால் கீழ்வாயால் நுழைந்து மேல்வாயால் வெளியேறினால், தண்ணீர் மறுபக்கத்து மேல்வாயால் நுழைந்து கீழ்வாயால் வெளியேறவேண்டும். இரண்டும் கீழிருந்து நுழைந்தாலோ, இரண்டும் மேலிருந்து நுழைந்தாலோ தவறு. உள்வழி வாய்களில் அழியாத மையினால் அம்புக்குறி இட்டு வைப்பது, அடுத்த முறை கழற்றுபவருக்குச் செய்யும் பேருதவி.

வாவியிலும் கடலிலும் வாழும் மீன்கள் இந்த ஏற்பாட்டை நம்பியே உயிர்வாழ்கின்றன. மீனின் செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தால் சிவந்த சீப்புப் போல இழைகள் தெரியும். ஒவ்வோர் இழையிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்தகடுகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கிடையில் தண்ணீர் ஒரு பக்கமாகவும், தகட்டினுள்ளே குருதி எதிர்ப்பக்கமாகவும் ஓடுகின்றன. 30 பாகைச் சூட்டில் ஒரு லீற்றர் நன்னீரில் கரைந்திருக்கக்கூடிய ஒட்சிசன் ஏழரை மில்லிகிராம் அளவுதான். அவ்வளவு அரிதான பொருளைப் பாதியில் விட்டுவிட மீனால் முடியாது. வெளியேறும் குருதி புதிய தண்ணீரைத் தொட்டுவிட்டுப் போவதால், திறமையான செவுள்கள் தண்ணீரிலுள்ள ஒட்சிசனில் பெரும்பகுதியைப் பிடித்துவிடுகின்றன. ஒரே திசையில் ஓடியிருந்தால், சம ஓட்டத்தில் பாதிக்கு மேல் கிடைத்திராது. பாலுக்குச் சொன்ன அதே கணக்குத்தான்.

அறிகுறி: தட்டுகளைக் கழற்றிக் கழுவிப் பூட்டிய நாளிலிருந்து சரியில்லை

வெளிக்குழாய்கள் சரியாக இருந்தும் இப்படியானால், தட்டு வரிசை மாறியிருக்கிறது. தட்டுகளின் மேல் மீன்முள் போன்ற வரிப்பள்ளம் இருக்கும். ஒரு தட்டில் முள் மேல்நோக்கினால் அடுத்ததில் கீழ்நோக்கவேண்டும், அப்போதுதான் பள்ளங்கள் குறுக்கிட்டுப் பால் சுழன்று ஓடும். இதைவிட மோசமானது திருப்புத்தட்டை இடம்மாற்றுவது. ஒரு வாயைத் துளையிடாமல் அடைத்து, ஓட்டத்தை அடுத்த அடுக்குக்குத் திருப்பும் தட்டு அது. அது தவறான இடத்தில் நின்றால், அடுக்கின் ஒரு பகுதி எதிரோட்டமாகவும் மறுபகுதி ஒரே திசையாகவும் ஓடும். எண்கள் பாதி நல்லதாகவும் பாதி கெட்டதாகவும் வந்து நம்மைக் குழப்பும்.

கழற்றுமுன், பூட்டிய நிலையில், அடுக்கின் பக்கவாட்டில் மூலைக்கு மூலை சாய்வாக ஒரே வர்ணக்கோடு இழுத்துவிட்டால், திரும்பப் பூட்டும்போது எந்தத் தட்டு மாறினாலும் கோடு உடைந்து காட்டும். இறுக்கும்போது எதிரெதிர் மூலைகளை மாறிமாறிச் சிறிதுசிறிதாக இறுக்கி, இரு முனைத்தகடுகளுக்கு இடைப்பட்ட அளவு தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு வந்ததும் நிறுத்தவேண்டும். வெளியே சொட்டுகிறது என்பதற்காக அதற்கு மேல் இறுக்கினால் தட்டுகள் நசுங்கும். சொட்டுக்குக் காரணம் பெரும்பாலும் தட்டுகளின் ஓரத்தை அடைக்கும் ரப்பர் கேஸ்கட் தேய்ந்திருப்பதுதான்.

அறிகுறி: முதல் கேன்கள் நன்றாகக் குளிர்கின்றன, கொஞ்ச நேரத்தில் சூடு ஏறத் தொடங்குகிறது

இங்கே குளிர்விப்பான் நல்ல நிலையிலேயே இருக்கிறது. உள்ளே வரும் தண்ணீரின் வெப்பநிலையைப் பத்து நிமிடத்துக்கொரு முறை பார்த்தால், அது 2இலிருந்து 5, 8 என்று ஏறிக்கொண்டிருப்பது தெரியும். எதிரோட்டத்தில் பால் இறங்கக்கூடிய எல்லையே உள்ளே வரும் தண்ணீரின் சூடுதான். அந்த எல்லை உயர்ந்தால் பாலும் கூடவே உயரும்.

காரணம், தொட்டியில் உறைந்திருந்த ஐஸ் தீர்ந்துவிட்டது. 500 லீற்றர் பாலை 34 பாகையிலிருந்து 6 பாகைக்கு இறக்க ஏறத்தாழ 170 கிலோ ஐஸ் உருகவேண்டும். இரவில் மின்சாரம் தடைப்பட்டதா, ஐஸ் கட்டும் சுருளைச் சுற்றி முழுத் தடிப்பு வந்ததா, வெளியே உள்ள கொண்டென்சரில் தூசி அடைந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கச்சான் எனும் வறண்ட சூட்டுக்காற்று வீசும் மாதங்களில் கொண்டென்சர் சூட்டை வெளியே தள்ளச் சிரமப்படுவதால், மாரியில் போதுமாக இருந்த அதே இயந்திரம் அப்போது போதாமல் போகும். பால் வரவு கூடியிருந்தாலும் இதுவே நடக்கும்.

இதன் சுமையைக் குறைக்க, முதலில் கிணற்றுத் தண்ணீரில் பாலைக் குளிர்வித்துவிட்டுப் பிறகு ஐஸ் தண்ணீருக்கு விடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. குளிர்நாடுகளில் அது பெரிய இலாபம். நம்முடைய பக்கத்துக் கிணறுகளிலோ தண்ணீர் 28 பாகையை ஒட்டியே கிடைக்கும். 34 பாகைப் பாலை மிகச் சிறந்த எதிரோட்டத்திலும் அது 28க்குக் கீழே இறக்காது. இறக்கவேண்டிய 30 பாகையில் ஆறு பாகைதான், நடைமுறையில் நான்கு, மிச்சமாகும். நல்ல நன்னீர்க் கிணறு இருந்தால் செய்யலாம். வாவியோரத்திலும் கடலோர மணலிலும் உள்ள உவர்நீர்க் கிணறாயின் நான் வேண்டாம் என்றே சொல்வேன். அதன் காரணம் கடைசி அறிகுறியில் வரும்.

அறிகுறி: நாளுக்கு நாள் சிறிதுசிறிதாக மோசமாகிறது

இது படிவு. பால் பக்கத்தில் கொழுப்புப் படலமும், கடின நீரால் அலசுவதால் வரும் வெண்மையான பால்கல்லும் படியும். தண்ணீர்ப் பக்கத்தில் கறள், மணல், வழுவழுப்பான பாசி ஆகியவை சேரும். கால் மில்லிமீற்றர் சுண்ணப் படிவு, அரை மில்லிமீற்றர் உருக்குத் தட்டைவிட ஏறத்தாழ மும்மடங்கு வெப்பத்தைத் தடுக்கும் என்பதை நினைத்தால், ‘மெல்லிசாகத்தானே இருக்கிறது’ என்று விட மனம் வராது. பால் பக்கத்தில் அழுத்தம் கூடியிருந்தால் அடைப்பு அங்கே. தண்ணீர் ஓட்டம் குறைந்திருந்தால் மறுபக்கம். தட்டைக் கழற்றுமுன் பால் வடியைத் திறந்து பாருங்கள். வைக்கோல் துணுக்கும் மயிரும் அதில் நிறைந்திருந்தால் வேலை அத்தோடு முடிந்தது.

கழுவும்போது முதலில் இளஞ்சூட்டுத் தண்ணீரால் மீதிப்பால் போகும்வரை அலசவேண்டும். எடுத்த எடுப்பிலேயே கொதிநீர் விட்டால் பாலின் புரதம் தட்டில் வெந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு 70 பாகை அளவில் 1 முதல் 2 வீதக் கோஸ்ரிக் சோடாக் கரைசலை ஓடவிட்டால் கொழுப்பும் புரதமும் போகும். அலசிய பின் 60 பாகை அளவில் அரை முதல் ஒரு வீத நைத்திரிக் அமிலம் பால்கல்லைக் கரைக்கும். தினமும் கோஸ்ரிக், வாரம் ஒருமுறையாவது அமிலம் என்பது என் வழக்கம். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றவேண்டுமே தவிர அமிலத்தில் தண்ணீரை ஊற்றக்கூடாது. அமிலமும் குளோரினும் ஒருபோதும் ஒன்று சேரக்கூடாது, நச்சுவாயு கிளம்பும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இதைச் செய்யும் இளைஞர்களைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்ய விடாதீர்கள்.

அறிகுறி: நேற்றுவரை சரி, இன்று திடீரென்று குறைந்தது, அடுக்கின் மேற்பகுதியைத் தொட்டால் சூடாக இருக்கிறது

தண்ணீர்ப் பக்கத்தில் காற்று அடைத்திருக்கிறது. மேலுள்ள காற்றுத் திருகைத் திறந்து, சீறல் நின்று தண்ணீர் வரும்வரை விட்டு மூடினால் போதும். மறுநாளும் அதுவே நடந்தால் பம்பியின் உறிஞ்சு குழாயில் எங்கோ காற்று நுழைகிறது.

அறிகுறி: பாஸ்ரரைசரின் மீட்புப் பகுதியில் இரு முனை வித்தியாசங்களும் ஒத்துவரவில்லை

பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் பாஸ்ரரைசர் வைத்திருக்கும் நிலையங்களுக்கு இது. 72 பாகையில் 15 வினாடி நின்று வெளியேறும் பால், 4 பாகையில் உள்ளே வரும் பாலை எதிரோட்டத்தில் சூடாக்கிவிட்டுப் போகிறது. வரும் பால் 65 பாகைக்கு ஏறினால், போகும் பால் 11க்கு இறங்கவேண்டும். இரண்டு பக்கமும் ஒரே பால், ஒரே அளவு ஓட்டம் என்பதால் வித்தியாசம் சூடான முனையிலும் 7, குளிர்ந்த முனையிலும் 7. படிவு கூடினால் இரண்டும் சேர்ந்து 9, 10 என்று உயரும், ஆனால் சமமாகவே உயரும். ஒன்று 7 ஆகவும் மற்றது 12 ஆகவும் இருந்தால் அது படிவாக இருக்க முடியாது. வெப்பமானி தவறு, அல்லது வழியில் பால் எங்கோ கசிந்து இரு பக்க ஓட்டமும் சமமில்லாமல் ஆகிவிட்டது. இதைவிட நேர்மையான சோதனை இந்த இயந்திரத்தில் இல்லை. கசிவு என்றால் இயந்திரத்தை உடனே நிறுத்தவேண்டும், ஏனெனில் பச்சைப்பால் காய்ச்சிய பாலோடு கலக்கக்கூடும். காய்ச்சிய பக்கத்தின் அழுத்தம் எப்போதும் பச்சைப்பால் பக்கத்தைவிட உயர்ந்திருக்கவேண்டும் என்ற விதி இதற்காகவே.

இந்த மீட்புப் பகுதியை விளங்கிக்கொள்ள விரும்புவோர், வாழைச்சேனைத் துறைமுகத்தில் சூரை வெட்டும்போது நின்று பார்க்கலாம். முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாக இருக்கும் இறைச்சிதான் ஓயாமல் நீந்தும் தசை. மீனின் குருதி செவுளில் கடல்நீரைத் தொடும்போது கடலின் சூட்டுக்கே இறங்கிவிடும். அப்படிக் குளிர்ந்து வரும் குருதி தசையை அடையுமுன், தசையிலிருந்து சூடாகத் திரும்பும் குருதியோடு ஏராளமான நுண்குழாய்களில் எதிரெதிரே ஓடி அந்தச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. வெப்பம் தசைக்கே திரும்புகிறது, கடலுக்குப் போவதில்லை. முன்னர் இலங்கையில் படைமருத்துவராக இருந்த ஜோன் டேவி, சூரை இன மீனின் உடல் சுற்றியுள்ள கடலைவிட ஏறத்தாழ 10 பாகை சூடாக இருந்ததை 1835இல் பதிவு செய்தார். நீண்ட நேரம் போராடிப் பிடிபட்ட சூரையை உடனே ஐஸில் புதைக்கவேண்டும் என்று கடற்றொழிலாளர் வற்புறுத்துவதற்கும் இந்தச் சூடே ஒரு காரணம்.

அறிகுறி: வாங்கும்போது சரியாக இருந்த பால், தொட்டியில் லக்ரோமீற்றர் (பாலின் அடர்த்தியை அளக்கும் மிதவை) குறைவாகக் காட்டுகிறது

இந்த அறிகுறியில் மட்டும் அவசரப்படவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பாலில் தண்ணீர் என்றதும் பழி பண்ணையாளர் மேல் விழுகிறது. ஒரு நிலையத்தில் வயதான பண்ணையாளர் ஒருவரின் பாலை ஐந்து நாட்கள் திருப்பி அனுப்பிய பிறகே, தண்ணீர் குளிர்விப்பானுக்குள் சேர்ந்தது என்று கண்டுபிடித்தோம். அந்த ஐந்து நாட்பாலுக்கு அவருக்கு யாரும் காசு கொடுக்கவில்லை.

ஆகவே முதலில், குளிர்விப்பானுக்கு முன்னும் பின்னும் ஒரே ஓட்டத்தில் இரண்டு மாதிரிகள் எடுத்து, இரண்டையும் ஒரே வெப்பநிலைக்குக் கொண்டுவந்து லக்ரோமீற்றரை இட்டுப் பார்க்கவேண்டும். முன்னது சரி, பின்னது குறைவு என்றால் தட்டில் துளை இருக்கிறது. ஓடும்போது இரண்டும் ஒன்றாகவே இருந்தாலும் விட்டுவிடக்கூடாது. பால் ஓடும்போது அதன் அழுத்தம் உயர்ந்திருந்தால் துளை வழியே பால்தான் தண்ணீருக்குள் போகும், ஐஸ் தண்ணீர் வெண்மையாகக் கலங்கியிருக்கும். பால் பம்பியை நிறுத்திய பின்னும் தண்ணீர்ப் பம்பி ஓடிக்கொண்டிருந்தால் அழுத்தம் தலைகீழாகித் தண்ணீர் பாலுக்குள் வரும். அந்தப் பண்ணையாளரின் விடயத்தில் நடந்தது இதுவே. அவரது கேன் எப்போதும் கடைசியில் வந்தது.

உறுதி செய்ய, பால் பக்கத்தை முழுதாக வடித்து, அதன் கீழ்வாயைத் திறந்து வைத்து, தண்ணீர்ப் பக்கத்தை மட்டும் வழக்கமான அழுத்தத்தில் அரை மணி நேரம் வைக்கவேண்டும். திறந்த வாயில் சொட்டு விழுந்துகொண்டே இருந்தால் துளை உண்டு. தட்டுகளைக் கழற்றி ஒவ்வொன்றாக வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் குண்டூசி முனையளவு ஒளிப்புள்ளி தெரியும். தெரியாவிட்டால் ஊடுருவும் சாயத்தை ஒரு பக்கம் பூசி மறுபக்கம் பார்க்கவேண்டும்.

இந்தத் துளைகளை இடுவது பெரும்பாலும் உவர்நீரிலுள்ள குளோரைட்டு. 304 வகைத் துருப்பிடிக்காத உருக்கை அது புள்ளிபுள்ளியாக அரிக்கும். 316 வகை அதிகம் தாங்கும், ஆனால் கடலோரக் கிணற்றுநீருக்கு அதுவும் முழுக் காவல் அல்ல. ஐஸ் தொட்டிக்கு நன்னீரையே ஊற்றி, ஆவியாகிக் குறையும்போதும் நன்னீராலேயே நிரப்பவேண்டும். துளை விழுந்த தட்டை ஒட்டுப்போட்டுப் பயன்படுத்தக்கூடாது. மாற்றுத்தட்டு வரும்வரை அதையும் அதனை அடுத்த தட்டையும் சோடியாக நீக்கி, குறைந்த எண்ணிக்கைக்கு ஏற்ற அளவில் அடுக்கை இறுக்கி, பால் ஓட்டத்தைச் சற்றுக் குறைத்து ஓட்டலாம். நீக்கும் சோடி திருப்புத்தட்டாக இருக்கக்கூடாது. தண்ணீர்ப் பம்பியின் சுவிட்சைப் பால் பம்பியோடு இணைத்து, இரண்டும் ஒன்றாகவே நிற்கும்படி செய்து கொடுக்க ஒரு மின்னியலாளருக்கு அரை நாள் போதும்.